ஜாடியின்மேல் ஏழு பொறிவண்டுகள்

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலியில் வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை. ஏன் குட்டை என்பது நான் சொல்லப்போகிற விஷயத்துக்குள்ளேயே வருகிறது. இப்படி ஜன்னலோரம் வாருங்கள். பெட்டியை மேஜைமேல் வையுங்கள். வைக்கோலை நானே எடுக்கிறேன். பயப்படாதீர்கள். பதினோரு வயதிலிருந்து பீங்கானைத் தொட்ட கை இது. என் கையிலிருந்து விழுந்து உடைந்தவை மொத்தம் மூன்று. அதில் இரண்டு நான் வேண்டுமென்றே போட்டவை.

ஆமாம். இதுதான்.

முப்பத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. மூடியும் பத்திரமாக இருக்கிறதே. எங்கேயோ ஒரு பணக்கார வீட்டில் தூசு தட்டக்கூட ஆள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கழுத்தில் தங்கக் கோடு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, பாருங்கள். தங்கம் என் வேலை இல்லை. தங்கப் பூச்சைப் பெண்களிடம் கொடுக்க மாட்டார்கள். தேய்ந்தது என்னுடையது இல்லை, அவ்வளவுதான் சொல்கிறேன்.

உங்கள் அருங்காட்சியகக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், 'திரு. ஈனோக் டாம்ஸ் அவர்களின் கீழ் வேலை பார்த்த கெசியா பிர்க்ஸ் அம்மையார், அந்தக் கலைஞரைப் பற்றிய தமது நினைவுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்' என்று. அதை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை நின்றுகொண்டு படித்தேன்.

சரி, ஜாடிக்குப் பக்கத்தில் வைக்கப்போகிற அட்டையில் என்ன எழுதப்போகிறீர்கள்? அதைப் படியுங்கள், கேட்போம். 'ரோஜா ஜாடி. டிரென்டன் நகரம். வரைந்தவர் ஈனோக் டாம்ஸ். அவருடைய தனி முத்திரையான பொறிவண்டுகளைக் காண்க.'

காணட்டும். நன்றாகக் காணட்டும். அவர் வாழ்நாளில் ஒரு பொறிவண்டு வரைந்தது கிடையாது. அவருக்குப் பூச்சி என்றாலே ஆகாது. பட்டறைக்குள் ஓர் ஈ வந்தால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு துரத்துவார். அந்த ஆளின் முத்திரை பொறிவண்டாம்.

பொறிவண்டு என்னுடையது. அதை நிரூபிக்கத்தான் உங்களை வரச்சொன்னேன். ஜாடியோடு வரச்சொன்னதும் அதற்காகத்தான். அட்டை அச்சுக்குப் போவதற்குள் அதில் என் பெயர் வரவேண்டும். கெசியா பிர்க்ஸ். பிர்க்ஸ் என்பது என் அப்பா பெயர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்திருந்தால் அந்தப் பெயரையும் யாராவது அழித்திருப்பார்கள்.

முதலில் நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் இங்கே அமெரிக்காவில் பிறந்தவர், அதனால் சொல்கிறேன். இங்கிலாந்தில் பர்ஸ்லம் என்று எங்கள் ஊர். ஊர் முழுக்கப் பீங்கான் சூளை. துவைத்த துணியைக் காயப்போட்டால் எடுக்கும்போது சாம்பல் நிறமாக இருக்கும். அங்கே பீங்கானில் படம் வரைகிற வேலைக்கு ஆணும் போவார்கள், பெண்ணும் போவார்கள். ஆண்களுக்கு ஒரு கைக்கட்டை உண்டு. ஒன்றுமில்லை, ஒரு முழ நீளத்தில் ஒரு மரத்துண்டு. மேஜையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நிற்கும். முன்கையை அதன்மேல் வைத்துக்கொண்டால் தூரிகை நடுங்காது. பெண்களுக்கு அந்தக் கட்டை கிடையாது. ஏன் என்று கேட்காதீர்கள். ஆண்களின் சங்கம் வைத்த சட்டம் அது. கட்டை இருந்தால் கை நடுங்காது. கை நடுங்காவிட்டால் மயிரிழைக் கோடு வரும். மயிரிழைக் கோடு வந்துவிட்டால் ஆணுக்குக் கொடுக்கிற வேலையைப் பெண்ணுக்கும் கொடுக்க வேண்டிவரும். இவ்வளவுதான் அதன் பின்னாலிருந்த தத்துவம்.

அப்புறம் நாங்கள் எப்படி வரைந்தோம்? இப்படி. கையைக் கொடுங்கள். உங்கள் பென்சிலைத் தூரிகை மாதிரி பிடியுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். சுண்டுவிரலை நீட்டி மேஜைமேல் ஊன்றுங்கள். அந்தச் சுண்டுவிரல்தான் எங்கள் கைக்கட்டை. அதைப் பீங்கான்மேலேயே ஊன்றிக்கொண்டு வரைவோம். பீங்கான் கண்ணாடி மாதிரி வழவழப்பு. வண்ணமோ எண்ணெயில் குழைத்தது, சூளைக்குப் போய் வரும்வரை காயாது. சுண்டுவிரல் எப்போதாவது ஈர வண்ணத்தில் பட்டு வெள்ளை இடத்தில் ஒரு கறை வைத்துவிடும். துடைத்தால் மேகம் மாதிரி பரவும். சூளையில் வெந்தபின் அந்த மேகம் உலகம் உள்ளவரை போகாது.

அதற்குத்தான் பொறிவண்டு. கறைமேல் ஒரு சிவப்புப் பொட்டு, நடுவில் ஒரு கோடு, நான்கு கறுப்புப் புள்ளி, ஆறு கால். முடிந்தது. வாங்குகிறவள் 'அடடா, என்ன அழகு' என்பாள். பர்ஸ்லத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் ஈ வரைவாள். ஈயை யாருக்கும் பிடிக்கவில்லை. நான்தான் பொறிவண்டுக்கு மாறினேன். ஆகவே பொறிவண்டு இருக்கிறதென்றால் அங்கே சுண்டுவிரல் பட்டிருக்கிறது என்று அர்த்தம். சுண்டுவிரல் பட்டிருக்கிறதென்றால் வரைந்தவளிடம் கட்டை இல்லை என்று அர்த்தம். கட்டை இல்லையென்றால் அது பெண். டாம்ஸிடம் தோல் உறை தைத்த கட்டை இருந்தது. எழுதிக்கொண்டீர்களா? நிதானமாக எழுதுங்கள். நீதிமன்றத்தில்கூட இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நான் ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டில் கப்பலேறினேன். அமெரிக்காவில் பீங்கான் வேலை தெரிந்தவர்களுக்குத் தட்டுப்பாடு, அங்கே எல்லாம் புதுசு, பழைய சட்டமெல்லாம் இல்லை என்றார்கள். மூன்று வாரம் கடலில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்தேன், புது நாட்டில் ஒரு கட்டைமேல் கை வைத்து வரையலாம் என்று. டிரென்டனில் குயின்பி என்பவருடைய பட்டறையில் வேலை கிடைத்தது. மாடிப்படி ஏறிப் போய்ப் பார்க்கிறேன். வடக்கு ஜன்னலோரம் ஆண்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கட்டை. உள் சுவரோரம் பெண்கள், வெறும் மேஜை. நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஈனோக் டாம்ஸ் நிற்கிறார். பர்ஸ்லத்துக்காரர். எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி.

கப்பலில் இடம் போதாதென்று அந்த ஆண்கள் நல்ல கம்பளிகளைக்கூட விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இந்தச் சட்டத்தை மட்டும் சுருக்கம் விழாமல் மடித்து எடுத்துவந்திருந்தார்கள்.

டாம்ஸுக்குப் பெண்களின் பெயர் நாக்கில் வராது. மேஜை எண்தான். நான் நாலு. 'நாலு, அந்த இதழ் தடிப்பு.' 'நாலு, டர்பன்டைனை மூடி வை.' வருஷக்கணக்காக நாலு. தெருவில் பார்த்தால் தொப்பியைத் தொட்டு, 'நல்ல வெயில், நாலு' என்பார். ஒரு மனிதன் பக்கத்திலிருப்பவளின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் வருஷக்கணக்காக இருக்க முடியுமா என்று நான் நினைத்து நினைத்து ஆத்திரப்பட்டிருக்கிறேன். முடிந்தது, அவருக்கு.

ஐந்தாம் மேஜையில் நோரா. அயர்லாந்துக்காரி. என்னைவிட நான்கைந்து வயது பெரியவள். இடக்கைக்காரி. எனக்கு வலப்பக்கம் உட்காருவாள். என் வலது முழங்கையும் அவள் இடது முழங்கையும் நாளெல்லாம் இடித்துக்கொள்ளும். 'கெசியா, உன் முழங்கையில் ஆணி வைத்திருக்கிறாயா?' என்பாள். அவள் இலை வரைகிறவள். பூ நான், இலை அவள். இலை யார் வேண்டுமானாலும் வரையலாம். பொறிவண்டு வித்தையை நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது இருக்கட்டும், அவள் இந்தக் கதைக்கு முக்கியமில்லை.

எழுபத்தைந்தாம் வருஷம் மே மாதம். மறு வருஷம் நாட்டின் நூறாவது பிறந்தநாளுக்குப் பிலடெல்பியாவில் பெரிய கண்காட்சி என்று ஊரெல்லாம் பேச்சு. குயின்பி நான்கு ரோஜா ஜாடிகள் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார். ரோஜா என்றால் பட்டறையில் நான்தான். ரோஜாச் சிவப்பு என்பது தங்கத்தைக் கரைத்துச் செய்கிற வண்ணம். சூளைக்குப் போகுமுன் ஊதாவும் சாம்பலுமாக அழுக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும். சூளையில்தான் சிவக்கும். ஊதாவைப் பார்த்துக்கொண்டே சிவப்பை நினைத்து வரைய வேண்டும். அது டாம்ஸுக்குக் கடைசிவரை வரவில்லை. அவர் ரோஜாக்கள் முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும்.

நான் முடிவு செய்தேன். அமெரிக்கக் கண்காட்சிக்கு அமெரிக்காவில் வரைகிறேன், இனிமேல் கட்டை இல்லாமல் தொடமாட்டேன்.

ரொட்டி நறுக்குகிற பலகையை அறுத்து ஒரு கட்டை செய்தேன். முட்டுக் கொடுக்க இந்த நாற்காலியின் காலில் கொஞ்சம் அறுத்துக்கொண்டேன். சொன்னேனே, குட்டை என்று. மேஜைமேல் வைத்து வேலையை ஆரம்பித்தேன். டாம்ஸ் வந்தார். பார்த்தார். எடுத்துக்கொண்டு போனார். பட்டறை மூலையில் ஒரு இரும்பு அடுப்பு உண்டு, குளிர்காலத்துக்கு. அது அணைந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. அதை மூட்டினார். கட்டையை உள்ளே போட்டார். திரும்பி வந்து, 'நாலு, வேலையைப் பார்' என்றார்.

மறுநாள் இன்னொரு கட்டை கொண்டுபோனேன். அடுப்பு. அதற்கு மறுநாள் இன்னொன்று. அடுப்பு. ரொட்டிப் பலகை முடிந்ததும் கட்டிலில் கைவைத்தேன். கட்டிலுக்குக் குறுக்கே போட்டிருக்கும் பலகைகள், ஒன்று ஒன்றாக. ஒவ்வொரு ராத்திரியும் மெத்தை கொஞ்சம் கீழே இறங்கும். ஏழாவது கட்டை நோரா கொண்டுவந்தது. அவள் வீட்டு ஏணியின் படி. 'கூரைக்கு இனிமேல் என் புருஷன் தாவித்தான் ஏறவேண்டும். உன் கட்டிலில் கொஞ்சமாவது மிச்சமிருக்கட்டும்' என்றாள். அதுவும் அடுப்புக்குத்தான் போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஜூன் பிறந்துவிட்டது. அடுப்பு ஆண்கள் பக்கம் இருந்தது. அவர்கள் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டுகிறது, ஈர வண்ணத்தில் விழுந்தால் வண்ணம் திரியும். ஒருவர், 'டாம்ஸ், இன்னும் எத்தனை நாள் இந்தப் பூசை?' என்று கேட்டார். 'அவளுடைய கட்டில் தீரும்வரை' என்றார் டாம்ஸ். என் கட்டில் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பலகையில் ஆணி ஓட்டை இருக்குமே.

ஒன்பதாம் நாள். கடைசிப் பலகை. டாம்ஸ் அதை அடுப்பில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறார், முதலாளி குயின்பி உள்ளே வருகிறார். அமெரிக்கர். முன்னாலே மாட்டுத்தீவன வியாபாரம், பீங்கானைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஜூன் மாதத்தில் அடுப்பு எரிகிறது. இங்கே யாருக்குக் குளிர்?"

பதினான்கு ஆண்களும் தங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"என் கட்டில் எரிகிறது ஐயா" என்றேன்.

"என்ன எரிகிறது?"

"கட்டில். இன்றைக்கு அதன் கடைசிப் பலகை. இன்று முதல் தரையில்தான் படுக்க வேண்டும்."

அவர் டாம்ஸைப் பார்த்தார். டாம்ஸ் சொன்னார். கைக்கட்டை, சங்கம், பெண்கள், எல்லாவற்றையும் தேவாலயத்தில் வேதம் வாசிக்கிற குரலில் சொன்னார். 'அது எங்கள் ஊர் வழக்கம் ஐயா' என்று முடித்தார்.

"உங்கள் ஊர் எது, டாம்ஸ்?"

"பர்ஸ்லம் ஐயா."

"இது எந்த ஊர்?"

"டிரென்டன்."

"இல்லை, மறந்துவிட்டீர்களோ என்று கேட்டேன். ஒரு துண்டுக் கட்டைக்காக என் நிலக்கரியை எரித்திருக்கிறீர்கள். ஒரு கட்டை கொடுத்தால் அந்த அம்மா ரோஜாவை இன்னும் நன்றாக வரைவாள் என்றால், இரண்டாகவே கொடுங்கள்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதருக்கு அது ஒரு நிமிஷ வேலை. எனக்கு இருபது வருஷம்.

ஆனால் டாம்ஸ் அப்படி விடுகிற ஆள் இல்லை. சாயங்காலம் நான் தூரிகை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார். 'நாலு, ஆண்கள் எல்லாம் எழுந்து போய்விடுவார்கள். பிறகு பட்டறையே இருக்காது. இதற்கு ஒரு வழிதான். ஒரே ஒரு கட்டை, உனக்கு மட்டும். வேறு எந்தப் பெண்ணும் அதைத் தொடக்கூடாது. ஜாடிக்கு அடியில் என் பெயர் போகும். வெளியே பார்க்கிறவர்களுக்கு, கட்டை வைத்து வரைந்தது ஆண்தான்' என்றார்.

நான் சரி என்று தலையாட்டினேன்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? எழுதுங்கள். நான் எதையும் மறைக்கவில்லையே. கடல் தாண்டி வந்து, கட்டிலை எரித்து, ஒரு கட்டை கிடைக்கப்போகிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பெயர் அடியில்தானே போகிறது, எந்தப் பைத்தியம் ஜாடியைக் கவிழ்த்துப் பார்க்கும் என்று நினைத்தேன். கவிழ்த்துப் பார்ப்பதற்கென்றே படித்துவிட்டு ஆட்கள் வருவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் உத்தியோகம் அது.

கட்டை வந்தது. நல்ல வாதாம் நிற மரம், தச்சனிடம் சொல்லிச் செய்தது. முதல் நாள் கையை அதன்மேல் வைத்தபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? யாரோ என் கையை வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. பதினோரு வயதிலிருந்து நானே தூக்கிக்கொண்டு அலைந்த கை அது. இந்த ரோஜாவைப் பாருங்கள். இந்த மடிப்பு, உள்ளிதழ் திரும்புகிற இடம். அந்தக் கோடு எவ்வளவு மெல்லியது? அது கட்டையில்லாமல் வராது. அந்தக் கோடைகாலம் முழுக்க என் சுண்டுவிரல் பீங்கானைத் தொடவே இல்லை. நான்கு ஜாடியிலும் ஒரு கறை இல்லை. ஒன்றுகூட இல்லை. சும்மாவா பிலடெல்பியாவில் பதக்கம் கொடுத்தார்கள்?

நோராவா? அவளும் இந்த ஜாடிகளில் இலை வரைந்துகொண்டுதான் இருந்தாள். முதல் வாரம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். 'நீ சாப்பிடுகிற நேரம் அந்தக் கட்டையை நான் கொஞ்சம் வைத்துக்கொள்ளட்டுமா? மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.' நான் முடியாது என்றேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. ஒருத்திக்கு மட்டும் என்று சொல்லிவிட்டு இன்னொருத்தி கை வைத்தால், எனக்கும் போய்விடும், அவளுக்கும் கிடைக்காது. இது அவளுக்குப் புரியவேண்டாமா? 'நீயும் உன் கட்டிலை எரித்துப் பார்' என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

'கட்டில் வேண்டாம். என் ஏணிப்படியைத் திருப்பிக் கொடு' என்றாள்.

'அது எரிந்துவிட்டதே' என்றேன்.

'அதைத்தான் சொல்கிறேன்' என்றாள். அதற்குப் பிறகு மணிக்கட்டில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வரைந்தாள். கேட்கவில்லை. அயர்லாந்துக்காரர்களுக்கு ரோஷம் அதிகம்.

அதை விடுங்கள். விஷயத்துக்கு வருவோம். இதோ, எண்ணுங்கள். மூடியில் ஒன்று. கழுத்துக்குக் கீழே ஒன்று, இரண்டு. வயிற்றில் மூன்று. அடியில் ஒன்று. ஏழு பொறிவண்டுகள். ஏழும் சாட்சி. டாம்ஸிடம் கட்டை இருந்தது, கட்டை உள்ளவருக்குக் கறை விழாது, கறை விழாவிட்டால் பொறிவண்டு வேண்டாம். ஆகவே இதை வரைந்தது...

என்ன கேட்டீர்கள்? இன்னொரு தடவை சொல்லுங்கள். காது நன்றாகத்தான் கேட்கிறது, இன்னொரு தடவை சொல்லுங்கள்.

உங்களிடம்தான் கட்டை இருந்ததே, பிறகு உங்களுக்கு எதற்குப் பொறிவண்டு என்றா?

பழக்கம்.

பழக்கம்தான் அம்மா, வேறென்ன. பதினைந்து வருஷம் பொறிவண்டு வரைந்த கை, தன்பாட்டில் வரைந்திருக்கும். கறை இருந்தால்தான் வரைய வேண்டுமா, அழகுக்கு வரையக்கூடாதா? நான் அழகுக்கு வரைந்திருப்பேன். கொஞ்சம் இருங்கள். உங்கள் பூதக்கண்ணாடியைக் கொடுங்கள்.

நான்கு புள்ளி. ஆறு கால். நான் சொல்லிக்கொடுத்தது போலவேதான் இருக்கிறது.

சிவப்புக்கு அடியில் ஏதோ தெரிகிறது. இங்கே, விளிம்பில் கொஞ்சம் வழிந்திருக்கிறது. பச்சை. இலைப் பச்சை. நான் பச்சையைத் தொடமாட்டேன், ரோஜாச் சிவப்பில் பச்சை ஒரு துளி கலந்தால் சூளையில் சேற்று நிறமாகிவிடும். பச்சைத் தூரிகையை என் பக்கம் நீட்டக்கூட விடமாட்டேன்.

இலைக்குக் கீழே. எல்லாம் இலைக்குக் கீழேதான். எல்லாம் இலைக்கு இடப்பக்கம். வலக்கையால் வரைந்தால் சுண்டுவிரல் வலப்பக்கம் விழும். இப்படி. இது இடது.

ஏழும் இடது.

தண்ணீர் குடிக்கிறீர்களா? நான் குடிக்கிறேன்.

அவள் எழுபத்தாறு, எழுபத்தேழெல்லாம் இருந்தாள். எண்பத்தொன்றில் ஒருநாள் வரவில்லை. கை மடங்கவில்லை என்று சொன்னார்கள், விரல்கள் இப்படியே நின்றுவிட்டதாம். மறுநாள் ஐந்தாம் மேஜையில் வேறொருத்தி. அவள் வலக்கைக்காரி, முழங்கை இடிக்கவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், வசதியாக இருந்தது.

எழுதிக்கொண்டே இருக்காதீர்கள், என்னைப் பாருங்கள். ரோஜா என்னுடையது. அதில் யாரும் கை வைக்க முடியாது. இந்தக் கோடுகளை இந்த நாட்டிலேயே யாரும் வரைந்திருக்க முடியாது. அட்டையில் டாம்ஸ் பெயர் வரக்கூடாது. வந்தால் நான் உங்கள் அருங்காட்சியகத்துக்கு வருவேன். கண்ணாடிப் பெட்டி முன்னால் இந்தக் குட்டைக்கால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்வேன். ஞாயிற்றுக்கிழமையும் வருவேன்.

அவள் பெயரா? நோரா.

முழுப் பெயரா?

டாம்ஸ் ஐந்து என்பார். நான் நோரா என்பேன். புருஷன் கால்வாய் வெட்டுகிற வேலை, ஏணிப்படி இல்லாமல் ஒருநாள் கூரையிலிருந்து விழுந்தான், அதைச் சொல்லிச் சிரித்தாள். சீஸ் ஒத்துக்கொள்ளாது. மழை வருவதற்கு முன்னால் பாடுவாள். அவன் குடும்பப் பெயர்... ஓ என்று ஆரம்பிக்கும். அயர்லாந்துக்காரர்கள் எல்லார் பெயரும் ஓ என்றுதான் ஆரம்பிக்கும். பதினொரு வருஷம் முழங்கை இடித்தது.

அப்படிப் பார்க்காதீர்கள். டாம்ஸும் நானும் ஒன்றா? ஒன்றில்லை. அவருக்கு என் பெயரே தெரியாது. எனக்கு அவள் பெயரில் பாதி தெரியும்.

அட்டையைக் கொடுங்கள், பேனாவையும் கொடுங்கள். நானே அடிக்கிறேன். ஈனோக் டாம்ஸ், ஒரு கோடு. முத்திரை, இன்னொரு கோடு. பார்த்தீர்களா, கை நடுங்குகிறது. அறுபத்து நான்கு வயதாகிறது, கட்டை அலமாரியில் இருக்கிறது. வேண்டாம், எடுக்காதீர்கள். இருக்கட்டும். சுண்டுவிரலை ஊன்றிக்கொள்கிறேன்.

மை கறைபட்டுவிட்டது. பரவாயில்லை, நீங்கள் அச்சுக்குத்தானே கொடுக்கப்போகிறீர்கள். இப்படிப் போடச் சொல்லுங்கள். ரோஜாக்கள், கெசியா பிர்க்ஸ். அதற்குக் கீழே, இலைகளும் பொறிவண்டுகளும், நோரா. அதற்குப் பக்கத்தில் காலி இடம் விடுங்கள். செயின்ட் ஜான் தேவாலயத்தில் அயர்லாந்துக்காரர்களின் பெயர்ப் பதிவு இருக்கும். நான் அந்த வாசற்படியைக்கூட மிதித்ததில்லை, நாங்கள் வேறு சபை. திங்கட்கிழமை போகிறேன். அவர்கள் பதிவைக் காட்டமாட்டேன் என்றால் காட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். எனக்கு அதில் அனுபவம் உண்டு.

அட்டை சின்னது, இரண்டு பெயருக்கு இடம் போதாது என்றா?

அப்படியானால் என் பெயரைக் கொஞ்சம் சின்ன எழுத்தில் போடுங்கள்.

ரொம்பச் சின்னதாக வேண்டாம்.